பெஞ்சில் ஒரு சித்தப்பா

கல்யாண வீடுகளில் கவனித்திருப்பீர்கள். மாப்பிள்ளையின் அப்பா பரம சாதுவாக, "எல்லாம் சௌகரியமா இருக்கு" என்று தலையாட்டிக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்திருப்பார். சத்தமெல்லாம் பக்கத்து நாற்காலியிலிருந்துதான் வரும். மாப்பிள்ளையின் சித்தப்பா!

"என்னய்யா காப்பி இது? கழுநீர் மாதிரி! ரூமுக்கு ஏ.சி. போட்டுத் தர்றேன்னு சொன்னீங்களே, எங்கே? எங்களை என்னன்னு நினைச்சீங்க?"

அனுபவம் இல்லாத பெண்ணின் அப்பா இந்த இடத்தில் ஒரு தப்பு செய்வார். சித்தப்பாவுக்குப் பதில் சொல்லப் போவார். "இல்லீங்க, காப்பி நல்லாத்தான் இருந்தது, மத்தவங்கல்லாம் குடிச்சாங்களே..." என்று ஆரம்பித்தால் தீர்ந்தது. தாலி கட்டுகிற வரைக்கும் அதே வேலை.

விஷயம் தெரிந்த பெண்ணின் அப்பா சித்தப்பாவின் பக்கமே திரும்ப மாட்டார். நேராக சம்பந்தியிடம் போய்க் குனிந்து, காதோடு காதாக, "உங்க தம்பி கொஞ்சம் டென்ஷனா இருக்கார் போலிருக்கு. நீங்க ஒரு வார்த்தை சொன்னா..." என்பார். சம்பந்தி தம்பியை ஒரு பார்வை பார்ப்பார். அவ்வளவுதான், அடுத்த பந்தியில் சித்தப்பா சமர்த்தாகப் பாயசம் குடித்துக்கொண்டிருப்பார்.

இதே சித்தப்பாவை கூடைப்பந்து மைதானத்திலும் பார்க்கலாம் என்பது எங்கள் எதிர்வீட்டு மாஸ்டர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். ரிட்டயர்ட் பி.டி. மாஸ்டர். இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் பாஸ்கெட்பால் ரெஃபரியாக விசில் ஊதியவர். இப்போதுகூட தெருவில் பையன்கள் சைக்கிளில் இடித்துக்கொண்டால் அவர் கை தன்னிச்சையாகச் சட்டைப்பையில் விசிலைத் தேடும்.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் என்னை ஒரு ஸ்கூல் மேட்ச்சுக்கு இழுத்துக்கொண்டு போனார். நான் எல்லோரையும் போல பந்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் பந்தைப் பார்க்கவே இல்லை. மைதானத்தின் ஓரத்தில் போட்டிருந்த பெஞ்சைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அங்க பாருங்க ஸார், டவலைத் தூக்கித் தூக்கிப் போடறானே, அவன் யாரு தெரியுமா?"

"கோச்சா?"

"கோச் இல்லை. கோச் அந்தப் பக்கம், கைகட்டிக்கிட்டு உட்கார்ந்திருக்காரு பாருங்க, அவரு. இவன் அசிஸ்டெண்ட் கோச். மேட்ச்ல ரெஃபரியோட பேச உரிமையே இல்லாத ஆளு. ஆனா மேட்ச் பூரா பேசிக்கிட்டிருக்கறது இவன்தான்!"

எனக்கு சுவாரஸ்யம் தட்டியது. இடைவேளையில் சூடாக வேர்க்கடலை வாங்கிக்கொண்டு உட்கார்ந்தோம். மாஸ்டர் பாடம் நடத்தினார்.

உலகம் பூராவும் கூடைப்பந்துக்கு விதி எழுதுகிற சர்வதேச சம்மேளனம் ஃபிபா. நம்ம ஊர் மேட்ச்சுக்கும் அந்தப் புத்தகம்தான். அதில் உதவிப் பயிற்சியாளரைப் பற்றி எழுதியிருப்பதைப் படித்தால் பாவமாக இருக்கும். தலைமைக் கோச், முதல் அசிஸ்டெண்ட் இரண்டு பேரில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் நிற்கலாம். அவர் நின்றால் இவர் உட்கார வேண்டும். இவர் நின்றால் அவர் உட்கார வேண்டும். தராசுத் தட்டு மாதிரி. நிற்கிறவரும் பெஞ்சுக்கென்று கோடு போட்ட இடத்துக்குள்தான் நிற்க வேண்டும். தன் ஆட்டக்காரர்களிடம் பேசலாம். டைம்-அவுட் வேண்டுமென்று ஸ்கோர் மேஜையில் கேட்கலாம். ஆனால் ரெஃபரியிடம் அசிஸ்டெண்ட் பேசக் கூடாது.

களத்திலிருக்கும் காப்டனுக்குக்கூட அந்த உரிமை உண்டு. பந்து நின்று, கடிகாரமும் நின்றிருக்கும்போது, மரியாதையாக, "அது என்ன ஃபவுல் ஸார்?" என்று காப்டன் கேட்கலாம். பதினாறு வயசுப் பையனுக்கு உள்ள பேச்சுரிமை, முப்பது வயசு அசிஸ்டெண்ட்டுக்குக் கிடையாது!

"ஏன் மாஸ்டர் இப்படி ஓரவஞ்சனை?"

"ஓரவஞ்சனை இல்லை ஸார். ஒரு வீட்டுக்கு ஒரு வாய் போதும்னு அர்த்தம்."

யோசித்துப் பார்த்தால், கூடைப்பந்தில் கோச்சே அழையாத விருந்தாளிதான். 1891 டிசம்பரில், அமெரிக்காவில் ஸ்பிரிங்ஃபீல்ட் என்ற ஊரில், ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற ஆசிரியர் இந்த ஆட்டத்தைக் கண்டுபிடித்தபோது 13 விதிகள் எழுதினார். ஆட்களின் நடத்தையைக் கவனிக்க ஒரு அம்பயர், பந்தைக் கவனிக்க ஒரு ரெஃபரி என்று இரண்டு பேரை வைத்தார். கோச் என்ற ஜீவனுக்கு அந்த 13-ல் வேலையே இல்லை. நெய்ஸ்மித்தே பிறகு கன்ஸாஸ் பல்கலைக்கழகத்தில் கோச்சாக இருந்து, 55 ஆட்டம் ஜெயித்து 60 ஆட்டம் தோற்றார். அந்தப் பல்கலைக்கழகத்தின் வரலாற்றில் ஜெயித்ததைவிட அதிகம் தோற்ற ஒரே கோச், ஆட்டத்தைக் கண்டுபிடித்தவர்தான். இதில் ஏதோ நீதி இருக்கிறது, என்னவென்றுதான் பிடிபடவில்லை.

இன்னும் வேடிக்கை, 1910-11 சீசனில் அமெரிக்காவில் ஒரு விதி கொண்டுவந்தார்கள். ஆட்டம் நடக்கும்போது அணியைச் சேர்ந்த யாருமே வெளியிலிருந்து யோசனை சொல்லக் கூடாது. முதல் தடவை எச்சரிக்கை. அடுத்த தடவை எதிராளிக்கு ஒரு ஃப்ரீ த்ரோ. கல்லூரி ஆட்டங்களில் டைம்-அவுட்டின்போது கோச் தன் பையன்களோடு பேசலாம் என்று அனுமதித்ததே 1948-49 சீசனில்தான். அதுவரை கோச் என்றால் வாயில் கொழுக்கட்டை.

ஒட்டகத்துக்குக் கூடாரத்தில் இடம் கொடுத்த கதை கேட்டிருப்பீர்கள். கோச் முதலில் மூக்கை நுழைத்தார். பிறகு பேச ஆரம்பித்தார். அப்புறம் எழுந்து நின்றார். அப்புறம் பக்கத்தில் ஒரு அசிஸ்டெண்ட்டை உட்கார வைத்தார். இன்றைக்கு அமெரிக்காவின் என்.பி.ஏ. ஆட்டங்களை டி.வி.யில் பாருங்கள். கோச்சுக்குப் பின்னால் அசிஸ்டெண்ட்டுகள் வரிசை கட்டி உட்கார்ந்திருப்பார்கள். பெண் பார்க்க வேன் பிடித்து வந்த கூட்டம் மாதிரி.

நம்ம ஊருக்கும் இந்த ஸ்பிரிங்ஃபீல்டுக்கும் பூர்வஜன்ம சம்பந்தம் உண்டு. அங்கே படித்த ஹாரி க்ரோ பக் என்ற அமெரிக்கர்தான் 1920-ல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்பயிற்சிக் கல்லூரியை ஆரம்பித்தார். நந்தனத்தில் இருக்கிறதே, அதுதான். ஆகவே நம் பி.டி. மாஸ்டர்களின் விசிலுக்குக் கோத்திரம் பார்த்தால் நேராக நெய்ஸ்மித் வரை போகும்.

சரி, அசிஸ்டெண்ட் ஏன் கத்துகிறார்? மாஸ்டர் மூன்று ஜாதி என்று பிரித்தார்.

முதல் ஜாதி, ஆஞ்சநேயர். அபார பக்தி. தலைவருக்கு அநியாயம் நடந்துவிட்டதாக அவருக்கு நிமிஷத்துக்கொரு தடவை தோன்றும். உடனே வாலில் தீ. கெட்டவர் இல்லை. மேட்ச் முடிந்ததும் ரெஃபரிக்கு அவரே சோடா வாங்கிக் கொடுப்பார்.

இரண்டாவது ஜாதி, குத்தகைக்காரர். இவர் கத்துவது சொந்தக் கத்தல் அல்ல. தலைமைக் கோச் காதில் ஓதுவார், இவர் ஒலிபெருக்கி. கோச் நல்லவர் பெயர் வாங்கிக்கொள்வார். கெட்ட பெயருக்கு இவர் குத்தகை.

மூன்றாவது ஜாதி, அடுத்த கோச். கேலரியில் ஸ்கூல் நிர்வாகி உட்கார்ந்திருக்கிறார் அல்லவா? அவர் கண்ணில் பட வேண்டும். 'பழைய கோச் சும்மா உட்கார்ந்திருக்கான், பாரு இவன்கிட்ட எவ்வளவு துடிப்பு!' என்று அவர் நினைக்க வேண்டும். இந்த ஜாதிதான் ரொம்ப ஆபத்து.

"மூணு பேருக்கும் ரெஃபரி ஒரே மருந்துதான் கொடுக்கணும்" என்றார் மாஸ்டர். "ஆனா டோஸ் டோஸா கொடுக்கணும்."

முதல் டோஸ், செவிடு. 'ஐயோ!' 'அட ராமா!' 'அது ஃபவுலே இல்லை!' இதெல்லாம் காதில் விழவே கூடாது. கேள்வி என்றால் பதில் உண்டு, அதுவும் கேட்க உரிமையுள்ளவர் கேட்டால்தான். வெறும் அபிப்பிராயத்துக்குப் பதில் கிடையாது. மைதானத்தின் நீளம் 28 மீட்டர். அந்தக் கோடியிலிருந்து ஒருவர் கத்த, இந்தக் கோடியிலிருந்து ரெஃபரி பதிலுக்குக் கத்தினால், கேலரிக்கு இலவச நாடகம்.

இரண்டாவது டோஸ், பார்வை. ஓடும்போது பெஞ்சைக் கடக்கிற சாக்கில் ஒரு விநாடி அசிஸ்டெண்ட்டை நேராகப் பார்ப்பது. முறைப்பது இல்லை. 'நீ சொன்னது கேட்டுச்சு, அதுக்கு மேல வேண்டாம்' என்கிற பார்வை. பாதிப் பேர் இதிலேயே உட்கார்ந்துவிடுவார்கள்.

மூன்றாவது டோஸ்தான் கல்யாண வீட்டு வைத்தியம். பந்து நின்ற நேரம் பார்த்து தலைமைக் கோச்சிடம் போக வேண்டும். அசிஸ்டெண்ட்டைப் பார்க்கவே கூடாது. சத்தமும் கூடாது, விரலை ஆட்டவும் கூடாது. "கோச், உங்க அசிஸ்டெண்ட்டைக் கொஞ்சம் பார்த்துக்குங்க. என்னை அதுக்கு மேல போக வெச்சிடாதீங்க." இவ்வளவுதான். சொல்லிவிட்டு நகர்ந்துவிட வேண்டும். பதிலுக்கு நின்றால் அது பேச்சுவார்த்தை.

"இதுல என்ன சூட்சுமம்னா, தலைமைக் கோச்சுக்கு நீங்க மரியாதை கொடுத்துட்டீங்க. 'வீட்டுக்குப் பெரியவர் நீங்கதான், நீங்களே சரி பண்ணுங்க'ன்னு சொல்லிட்டீங்க. எந்தப் பெரியவருக்கும் அதுக்கப்புறம் சும்மா இருக்க முடியாது ஸார்."

நாலாவது டோஸ், எல்லோரும் பார்க்கும்படியான எச்சரிக்கை. அமெரிக்க உயர்நிலைப் பள்ளி ஆட்டங்களில் இந்த எச்சரிக்கையை ஸ்கோர் புத்தகத்திலேயே எழுதி வைத்துவிடுகிறார்கள். 'எனக்குச் சொல்லவே இல்லையே' என்று பிற்பாடு யாரும் கற்பூரம் அடிக்க முடியாது.

ஐந்தாவது டோஸ், விசில். இரண்டு கையையும் 'டி' மாதிரி வைத்துக் காட்டுவார்களே, அந்த டெக்னிகல் ஃபவுல்.

சில குற்றங்களுக்குப் படிப்படியாக டோஸ் ஏற்றுகிற பேச்சே கிடையாது. கெட்ட வார்த்தை, கேலரியைத் தூண்டிவிடுகிற சைகை, கோட்டைத் தாண்டி மைதானத்துக்குள் சண்டைக்குக் கால் வைப்பது, 'எவ்வளவு வாங்கினே?' என்று நேர்மையைத் தொடுவது. இதெல்லாம் நேராக ஐந்தாவதுக்குத்தான். ரொம்ப மோசமென்றால் ஆளையே வெளியேற்றலாம். அப்படி வெளியேற்றப்பட்டவர் டிரெஸ்ஸிங் ரூமுக்குப் போக வேண்டும், இல்லாவிட்டால் கட்டடத்தை விட்டே போக வேண்டும். கேலரியில் ஏறி ரசிகராக மறுபிறவி எடுக்க முடியாது.

இந்த டெக்னிகல் ஃபவுலின் கணக்கு வழக்குதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. அசிஸ்டெண்ட் கத்தினால் ஃபவுல் அசிஸ்டெண்ட் பேரில் விழும் என்றுதானே நினைப்பீர்கள்? இல்லை. ஃபிபா ஸ்கோர் ஷீட்டில் அது தலைமைக் கோச் பேரில் ஏறுகிறது! கோச்சே வாயைக் கொடுத்து வாங்கினால் 'சி'. பெஞ்சில் உள்ள மற்றவர்கள் வாங்கிக் கொடுத்தால் 'பி'. இரண்டு 'சி' வந்தால் கோச் வெளியே. மூன்று 'பி' வந்தாலும், அல்லது இரண்டு 'பி'யும் ஒரு 'சி'யும் சேர்ந்தாலும் கோச் வெளியே. அவர் பாட்டுக்குக் கைகட்டி மௌன விரதம் இருந்தாலும் சரி, பக்கத்து வாய் மூன்று தடவை திறந்தால் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

அதற்கு மேல் ஒரு கூத்து. கோச் வெளியே போனால் அணியை யார் நடத்துவது? முதல் அசிஸ்டெண்ட்! கத்திக் கத்திக் கோச்சைத் துரத்தியவர் கையிலேயே அணியைத் தூக்கிக் கொடுக்கிறது விதி. மூன்றாவது ஜாதிக்காரர்கள் இந்தப் பாராவைத் தயவுசெய்து படிக்க வேண்டாம்.

அமெரிக்கப் பள்ளிகளில் தண்டனை இன்னும் நூதனம். தலைமைக் கோச் நின்று நடமாட பெஞ்சின் முன்னால் 28 அடி நீளத்துக்கு ஒரு கட்டம் உண்டு. அசிஸ்டெண்ட் டெக்னிகல் வாங்கினால் எதிரணிக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ, அப்புறம் பந்தும் அவர்களுக்கே. அத்தோடு, தலைமைக் கோச் நிற்கிற உரிமையும் போச்சு. மிச்ச ஆட்டம் முழுக்க அவர் பெஞ்சில் உட்கார்ந்தே காலத்தை ஓட்ட வேண்டும். தம்பி செய்த தப்புக்கு அண்ணன் முழங்கால் போடுவது என்பது இதுதான்.

கோச்சே கலாட்டா செய்தால் ரெஃபரிக்கு ஒரு குழப்பமும் இல்லை. 1985 பிப்ரவரி 23 அன்று இண்டியானா பல்கலைக்கழகக் கோச் பாப் நைட், பர்டியூ அணியோடு நடந்த ஆட்டத்தில் கோபம் வந்து, ஒரு சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலியை எடுத்து மைதானத்துக்குள் வீசினார். எதிரணிப் பையன் அப்போதுதான் ஃப்ரீ த்ரோ போட நின்றுகொண்டிருந்தான். நாற்காலி வழுக்கிக்கொண்டே போயிற்று. நைட் வெளியேற்றப்பட்டார், அப்புறம் ஒரு ஆட்டம் தடையும் கிடைத்தது. குற்றவாளி யார், பில் யாருக்கு என்பதில் சந்தேகமே இல்லை. ஆனால் நாற்காலியை எடுத்து வீசுகிற தைரியம் இல்லாமல், நாற்காலிக்குப் பின்னாலிருந்து முணுமுணுத்துக்கொண்டே இருக்கிற ஆள் இருக்கிறாரே, அவரிடம்தான் ரெஃபரியின் திறமை தெரியும்.

"நீங்க எப்படி மாஸ்டர், இதுல எக்ஸ்பர்ட்டா?" என்று கேட்டேன்.

வேர்க்கடலைப் பொட்டலத்தை மடித்து வைத்துவிட்டு மாஸ்டர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

"ஒரு தடவை தோத்துட்டேன் ஸார்" என்றார்.

நாலைந்து வருஷத்துக்கு முன்னால் ஒரு பள்ளிக்கூட ஃபைனல். ரெண்டே ரெஃபரி. இவர் ஒருவர். இன்னொருவன் காலேஜ் பையன், பத்தொன்பது வயசு, அப்போதுதான் ரெஃபரி பரீட்சை பாஸ் செய்தவன். ஒரு அணியின் அசிஸ்டெண்ட், அதே ஸ்கூலின் பழைய மாணவர். சம்பளம் கிடையாது, பாசத்துக்கு வந்து பயிற்சி கொடுக்கிறவர். மாஸ்டர் பாஷையில் முதல் ஜாதி, ஆஞ்சநேயர்.

முதல் கால்வாசியிலேயே ஆரம்பித்துவிட்டார். மாஸ்டரிடம் அல்ல. அந்தக் காலேஜ் பையனிடம். "டேய், மீசை முளைச்சதும் வா!" என்று. கேலரி சிரித்தது. மாஸ்டருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சின்னப் பையன் முகம் சிவந்து போனான்.

"அங்கேயே ஊதியிருக்கணும் ஸார். ஊதலை. 'ஃபைனலாச்சே, சந்தோஷமா இருக்கட்டும்'னு விட்டேன். அது பொறுமைன்னு நினைச்சுக்கிட்டேன்."

இரண்டாவது கால்வாசியில் தலைமைக் கோச்சிடம் ஒரு தடவை சொன்னார். மூன்றாவதில் இன்னொரு தடவை சொன்னார். கோச் வயசானவர், தங்கமானவர். 'சரி சரி' என்று தலையாட்டினார், அசிஸ்டெண்ட்டின் தோளைத் தட்டினார், ஐந்து நிமிஷம் அமைதி. அப்புறம் மறுபடி. காலேஜ் பையன் அந்த பெஞ்ச் பக்கம் ஓடும்போதெல்லாம் விசிலை வாயிலிருந்து எடுத்துவிடுவானாம். அந்தப் பக்கம் நடக்கிற ஃபவுலையே அவன் ஊதவில்லை. பயம்!

கடைசி 40 செகண்ட். ஸ்கோர் சமம். அந்த அசிஸ்டெண்ட்டின் அணிப் பையன் பந்தோடு பாய்ந்து எதிராளியின் நெஞ்சில் மோதினான். காலேஜ் பையன் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு ஊதினான். சரியான தீர்ப்பு. பந்து எதிரணிக்கு. அசிஸ்டெண்ட் ஒரே தாவாகக் கோட்டைத் தாண்டி உள்ளே வந்து, ஹால் பூரா கேட்கும்படி, "எவ்வளவுடா கொடுத்தாங்க உனக்கு?" என்றார்.

மாஸ்டர் ஊதினார். டெக்னிகல்.

ஒரே ஒரு ஃப்ரீ த்ரோ. உள்ளே விழுந்தது. மிச்சமிருந்த நேரத்தில் இரண்டு பக்கமும் எத்தனை தடவை எறிந்தும் பந்து கூடைக்குள் போகவே இல்லை. ஒரு பாயிண்ட்டில் மேட்ச் போயிற்று. பத்துப் பன்னிரண்டு பையன்கள் தரையில் உட்கார்ந்து அழுதார்கள். அவர்களில் ஒருவனும் வாயைத் திறந்தவன் இல்லை. அசிஸ்டெண்ட் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டிருந்தார். பாசத்துக்கு வந்தவர் ஆயிற்றே! யாரும் அவரைத் திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை.

ஸ்கோர் ஷீட்டில் கையெழுத்துப் போடும்போது தலைமைக் கோச் மாஸ்டரிடம் வந்தார். மாஸ்டர், சண்டைதான் என்று நினைத்தார். அவர் ஷீட்டைப் பார்த்தார். தன் பெயருக்கு நேராக எழுதியிருந்த 'பி'யின் மேல் விரலை வைத்தார்.

"சரியாத்தான் எழுதியிருக்கீங்க மாஸ்டர். நீங்க முதல் தடவை சொன்னப்பவே நான் அவனை உட்கார வெச்சிருக்கணும். அவன் எனக்காகத்தான் கத்தறான்னு எனக்கு உள்ளுக்குள்ள கொஞ்சம் சந்தோஷமா இருந்தது. இது என் ஃபவுல்தான்."

மாஸ்டர் சொல்லி நிறுத்தினார்.

"இதுல நீங்க எங்கே தோத்தீங்க?" என்றேன்.

"முதல் கால்வாசியில ஊதியிருந்தா அதுக்கும் ஒரு பாயிண்ட்தான் ஸார். அப்ப ஒரு பாயிண்ட் யாருக்கு ஞாபகம் இருக்கும்? அவனும் அடங்கியிருப்பான். பசங்க முப்பது நிமிஷம் மிச்சமிருக்கேன்னு ஆடி எடுத்திருப்பாங்க. நான் இரக்கப்பட்டு இரக்கப்பட்டுக் கடைசி நிமிஷம் வரை தள்ளி வெச்சு, சின்ன விசிலைப் பெரிய விசிலாக்கிட்டேன். அந்தக் கிழவர் தன் ஃபவுலை ஒத்துக்கிட்டாரு. என் ஃபவுலை எழுத ஷீட்ல இடமில்லை."

"அந்தக் காலேஜ் பையன்?"

"அதுக்கப்புறம் விசிலைத் தொடவே இல்லை."

இது ஒரு ஊர்க் கதை இல்லை. அமெரிக்காவில் உயர்நிலைப் பள்ளி விளையாட்டுகளை நிர்வகிக்கும் தேசிய சம்மேளனம், 2018-19 சீசனுக்குப் பிறகு எல்லா விளையாட்டிலுமாக ஏறக்குறைய 50,000 நடுவர்கள் விலகிவிட்டதாகச் சொன்னது. நடுவில் வந்த கொரோனாவும் ஒரு காரணம்தான். ஆனால் வசவு வாங்கி அலுத்துப்போனதும் ஒரு பெரிய காரணம் என்று அவர்களே சொல்கிறார்கள். விசில் ஊத ஆளில்லாமல் அங்கே சில இடங்களில் ஆட்டங்களைத் தள்ளிப்போடவும் ரத்து செய்யவும் வேண்டி வந்திருக்கிறது. வெளிச்சம் உண்டு, மைதானம் உண்டு, பையன்கள் உண்டு, பந்து உண்டு, ரெஃபரி மட்டும் இல்லை. பெஞ்சில் கத்துகிறவர் யாரைத் துரத்துகிறார் என்பது இப்போது புரிகிறதா?

இரண்டாவது பாதி ஆரம்பித்தது. டவல்காரர் மறுபடி எழுந்தார். இளவயசு ரெஃபரி ஒருத்தி (ஆமாம், பெண்தான், இருபது வயசு இருக்கும்) பந்து வெளியே போன நேரத்தில் தலைமைக் கோச்சிடம் போய் ஏதோ ஒரு வாக்கியம் சொன்னாள். அடுத்த இரண்டு நிமிஷத்தில் டவல் மறுபடி பறந்தது. அவள் அலட்டிக்கொள்ளவே இல்லை. விசில். இரண்டு கையையும் வைத்து 'டி'. திரும்பிப் பார்க்காமல் பெஞ்சிலிருந்து தள்ளிப்போய் நின்றுகொண்டாள். தலைமைக் கோச் டவலைப் பிடுங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார். ஆட்டத்தில் இன்னும் 17 நிமிஷம் பாக்கி இருந்தது.

மாஸ்டர் எழுந்து நின்று கை தட்டினார். கூடை விழாத நேரத்தில் ஒருவர் தனியாகக் கை தட்டுகிறாரே என்று எல்லோரும் எங்களைத் திரும்பிப் பார்த்தார்கள்.

போன மாசம் எங்கள் அண்ணன் மகனுக்குக் கல்யாணம். காலை டிபனில் எனக்கு மட்டும் வடை வரவில்லை. நியாயமான கோபம்தான். "என்னய்யா இது, மாப்பிள்ளை வீட்டுக்காரங்களுக்கே வடை இல்லையா? எங்களை என்னன்னு நினைச்சீங்க?" என்று நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு எழுந்தேன்.

பெண்ணின் அப்பா என்னைத் தாண்டிப் போனார். நான் ஒருவன் நிற்பதே அவர் கண்ணில் படவில்லை போல. நேராக என் அண்ணனிடம் போய்க் குனிந்து, காதோடு ஏதோ ஒரு வாக்கியம் சொன்னார். அண்ணன் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார்.

உட்கார்ந்துவிட்டேன்.

கைகழுவப் போகும்போதுதான் ஞாபகம் வந்தது. நான்தான் மாப்பிள்ளையின் சித்தப்பா.